முதல் சந்திப்பு எளிது, நான்காவதுதான் கஷ்டம்: பல்கலைக்கழக கவுன்சலிங் பற்றி என் அனுபவம்

2022-இல் எம்.எஸ்சி. சேர்ந்தது முதல் இப்போது பி.எச்டி. இரண்டாம் ஆண்டு வரை, ஒரு மாணவனுக்குக் கிடைக்கக்கூடிய மனநல உதவிகளில் அநேகமாக எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழக கவுன்சலிங் மையம், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, தனியார் உளவியலாளர் என்று எல்லாப் பக்கமும் போயாயிற்று. இது மோசம், அது பிரமாதம் என்று தரம் பிரிக்கப் போவதில்லை. ஒவ்வொன்றும் எதுவரை கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு இருந்தது மிதமான மனச்சோர்வும் கூடவே பதற்றமும். அவசர நிலையில் இருப்பவருக்கு இந்த அனுபவம் அப்படியே பொருந்தாது. அப்படி யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் டெலிமானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

பல்கலைக்கழக மையத்திலிருந்து தொடங்குகிறேன். அப்போது அது நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தேர்வுப் பிரிவு கவுண்டருக்கு நேரெதிரே இருந்தது. மதிப்பெண் பட்டியல் வாங்கவும் அரியர் பணம் கட்டவும் பாதிப் பல்கலைக்கழகம் அங்கேதான் வரிசையில் நிற்கும். வாசலில் ஒரு நீள நோட்டு. பெயர், பதிவு எண், துறை, தேதி, வந்த காரணம் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். காரணத்துக்கான கட்டத்தில் எனக்கு மேலே இருந்த அத்தனை பேரும் 'பொது' என்றே எழுதியிருந்தார்கள். நானும் 'பொது' என்று எழுதினேன். இன்னொரு முறை போனபோது ஒருவர் 'ஜெராக்ஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். இந்த மையத்தைப் பற்றி நான் படித்த நேர்மையான விமர்சனம் அதுதான்.

உள்ளே இருந்தவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். முதல் நாள் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். பி.எச்.கியூ-9 என்று அதற்குப் பெயர். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு, கவனம் எல்லாம் எப்படி என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும்; மொத்தம் 27. அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டுவதில்லை, அடுத்தடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதை மட்டும் தாளோடு விடாமல் வாய்விட்டும் கேட்டார். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டது எனக்கு ஒருவித நிம்மதியாகவே இருந்தது. இப்படிக் கேட்பதால் யார் மனதிலும் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

இரண்டாவது சந்திப்பில் அவர் கொடுத்த வேலைதான் இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஒரு வாரத்துக்கு மணிவாரியாக என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு மதிப்பெண்: செய்யும்போது எவ்வளவு பிடித்திருந்தது, செய்து முடித்ததும் எவ்வளவு நிறைவாக இருந்தது, பத்துக்கு. பள்ளிக்கூடப் பையனுக்குக் கொடுப்பது போல இருக்கிறதே என்று சலிப்போடுதான் எழுதினேன். வார முடிவில் பார்த்தால் ஆய்வகத்தில் கழித்த ஆறு மணி நேரத்துக்கு 1, 2. படுக்கையில் போனோடு கிடந்ததற்கு இரண்டு கட்டத்திலும் பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி துவைத்துக் காயப்போட்டதற்கு நிறைவில் 6! அவர் அந்த ஆறைப் பேனாவால் வட்டமிட்டு, "இந்த மாதிரி சின்ன வேலை தினமும் ஒண்ணு, மூட் இருந்தாலும் இல்லாட்டியும்" என்றார். உற்சாகம் வந்தபிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், வேலையை முதலில் வைத்து உற்சாகத்தைப் பின்னால் வரவழைக்கும் முறை இது. மனச்சோர்வுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கேட்கச் சப்பென்று இருந்தாலும் எனக்கு வேலை செய்தது.

இப்படி மூன்று முறை நடந்தது. நான்காவதுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. அவருக்குப் பதினோரு மாத ஒப்பந்தமாம், முடிந்துவிட்டதாம். அடுத்தவர் வரும்வரை இடைவெளி. அந்த இடைவெளி சரியாக ஏப்ரல் செமஸ்டர் தேர்வில் வந்து நின்றது. அப்புறம் மே மாத விடுமுறை. ஜூலையில் புதியவர் வந்தார். "உங்க குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க தம்பி" என்று ஆரம்பித்தார். பழையவர் எழுதி வைத்த குறிப்புகள் எங்கே என்று கேட்டேன். அது அவர் சொந்த டைரியில் எழுதியது, கூடவே போய்விட்டது.

இங்கேதான் எனக்கு முக்கியமான குறை. விழிப்புணர்வு ஊர்வலம், சுவரொட்டி, அக்டோபர் 10 உலக மனநல நாளுக்குச் சிறப்பு விருந்தினர் என்று எல்லா ஏற்பாடும் ஒருவனை முதல் முறை கதவைத் தட்ட வைப்பதற்காகவே நடக்கிறது. தட்டியவன் நான்காவது, ஐந்தாவது முறையும் அதே ஆளைப் பார்க்க என்ன ஏற்பாடு என்று யாரும் யோசிப்பதில்லை. மனச்சோர்வில் இருப்பவனுக்குக் கதையைத் திரும்ப முதலிலிருந்து சொல்வது சாதாரண அலுப்பு அல்ல. அந்தச் சக்தி இருந்தால் அவன் ஏன் அங்கே வரப்போகிறான்?

ரகசியம் காப்பதிலும் ஒரு கசப்பு உண்டு. ஒருநாள் வராந்தாவில் துறைத்தலைவர் நிறுத்தி, "என்னப்பா, இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார், சந்தேகமில்லை. ஆனால் நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாசல் நோட்டு மாதாமாதம் அலுவலகத்துக்குக் கையெழுத்துக்குப் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாக இருக்க நோயாளிக்கு உரிமை தருகிறது. நோயாளிக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே விலக்கு. நாங்கள் சிலர் அந்தப் பிரிவைப் பிரதியெடுத்து இணைத்து எழுதிக் கொடுத்த பிறகு நோட்டில் பெயரும் காரணமும் போய், எண் மட்டும் வந்தது. மையத்தையும் நூலகத்தின் மாடிக்கு மாற்றினார்கள். இப்போது புத்தகம் எடுக்கப் போகிறவன் மாதிரி ஏறிப் போகலாம்.

மையம் பூட்டிக் கிடந்த மாதங்களில்தான் டெலிமானஸை அழைத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றிவிடுவார். தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் எனக்கு மிகவும் உதவியது. என்ன படிக்கிறேன், ஏன் பயம் என்றெல்லாம் ஆரம்பிக்காமல், அறையில் கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொன்னார். வாளி, ஃபேன், சட்டை, சார்ஜர், ரூம்மேட்டின் கால் என்று சொன்னேன். அவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்துக்கு அது போதும். வாராவாரம் தொடரும் சிகிச்சையை உதவி எண்ணிடம் எதிர்பார்க்கக் கூடாது, அது அதற்கானதும் இல்லை. பக்கத்தில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மருந்து வரைக்கும் என்றால் மாணவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். கட்டணம் இல்லை, மாத்திரையும் இலவசம். சிக்கல் தனிமைதான். ஒரே அறையில் இரண்டு மேஜை, இரண்டு மருத்துவர்கள், இரண்டு நோயாளிகள், சுற்றிப் பயிற்சி மருத்துவர்கள். பக்கத்து மேஜையில் ஒரு அம்மா மகனைப் பற்றி அழுதுகொண்டே சொல்வது என் காதில் விழுகிறது என்றால், நான் சொல்வதும் அவருக்குக் கேட்கும்தானே. தயங்கித் தயங்கி, "தனியா பேசணும் டாக்டர்" என்றேன். உடனே எழுந்து பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போய் நின்றபடியே கேட்டுக்கொண்டார். கேட்டால் செய்வார்கள், கேட்க வேண்டும்.

எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதல் பத்துப் பதினைந்து நாள் குமட்டல், லேசான தலைவலி. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். நடுவில் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மாத்திரை அட்டையைப் பார்த்து ரூம்மேட் கேட்டபோது தைராய்டு என்று சொல்லிவைத்தேன். அவன் அன்றிலிருந்து மெஸ்ஸில் என் தட்டிலிருந்து முட்டைக்கோஸை எடுத்துவிட ஆரம்பித்தான், தைராய்டுக்கு ஆகாதாம்.

வீட்டில் சொன்னது தனிக் கதை. எங்கள் ஊர் முசிறிப் பக்கம். அம்மாவுக்கு உடனே நினைவு வந்தது குணசீலம் பெருமாள்தான். மனம் சரியில்லாதவர்களை அங்கே ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் தங்க வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். "போய்ட்டு வாடா தம்பி, தீர்த்தம் தெளிச்சா சரியாயிடும்" என்றாள். மாத்திரையை நிறுத்தமாட்டேன், ஒருநாள் மட்டும் உன்கூட வருகிறேன் என்றேன். அம்மாவோடு போய் வந்தேன். அவளுக்கு மனம் லேசானது, எனக்கும் அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் போனது. அதன்பிறகு இரவு போன் பேசும்போது "மாத்திரை போட்டியா?" என்று கேட்பதே அவள்தான்.

மருந்து தூக்கத்தையும் பதற்றத்தையும் சரிசெய்தது. நெறியாளர் ஒரு மெயில் அனுப்பினாலே வயிறு கலங்குவதை அது சரிசெய்யாது. அதற்குப் பேச்சுச் சிகிச்சை வேண்டும், ஓ.பி.யில் அதற்கு நேரமில்லை. ஃபெல்லோஷிப் பணம் வந்த சில மாதங்கள் தனியார் உளவியலாளரிடம் போனேன். ஒரு அமர்வு 1,500 ரூபாய்; மாணவன் என்றதும் 900 ஆக்கினார். போவதற்கு முன் அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று பார்த்துக்கொண்டேன். வார இறுதிப் பயிற்சி முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். சிகிச்சை நன்றாகவே போனது. ஃபெல்லோஷிப் தாமதமானது, அமர்வும் நின்றது. காப்பீடு உதவுமா என்றால், மனநோயையும் உடல்நோய்க்குச் சமமாகவே காப்பீடு செய்ய வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், ஆலோசனைக் கட்டணத்துக்குத் தராது.

இத்தனை பேர் மாறியதில் கைக்கு வந்த ஒரு பழக்கம்: போனில் ஒரு பக்கக் குறிப்பு வைத்திருக்கிறேன். எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை எந்த அளவில் எத்தனை மாதம், பக்கவிளைவு, எந்தப் பயிற்சி பலித்தது, எது பலிக்கவில்லை, இப்போதைய பெரிய தொந்தரவு என்ன. புதிய ஆள் யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிடுவேன். குடும்ப வரலாற்றில் போகும் முக்கால் மணி நேரம் மிச்சம். அரசு மருத்துவமனையில்கூட டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாரும் இப்படி வந்தா நல்லாருக்கும்" என்றார். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்கவும் சட்டப்படி உரிமை உண்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பதினைந்து வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும், டெலிமானஸ் போன்ற எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. எங்கள் ஹாஸ்டலில் ஒவ்வொரு மாடியிலும் 14416 வந்துவிட்டது. 'ஒரு ஆலோசகர்' என்பதும் கணக்குக்கு நிறைவேறிவிட்டது. பல ஆயிரம் பேருக்கு ஒருவர். நவம்பரில் நேரம் கேட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் தருகிறார்கள்.

இப்போது இருக்கும் மேடத்திடம் மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறேன். குறிப்புகளைப் பூட்டிய அலமாரியில் மையத்திலேயே வைக்கிறார், அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்கும் பதினோரு மாதம்தான், ஜூனில் முடிகிறது. ஒப்பந்தத்தை மூன்று வருடமாக்கச் சொல்லி ஆய்வு மாணவர்கள் சேர்ந்து பதிவாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம். கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறதாம்.