விமானிக்கு இடமில்லாத ரோபோ

ஒரு கதையின் விண்கலம் இன்னொரு கதையின் பாணியில் ரோபோவாக மாறும் அந்தக் கூட்டுத் தொடர் பொம்மையின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கோயம்புத்தூர் நண்பர் கேட்டிருந்தார். கோத்தகிரியில் என் மேசையில் அது பல ஆண்டுகளாக இருப்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். உயரம் எவ்வளவு, பெட்டியில் என்னென்ன வரும் என்பவை எல்லோரும் அறிந்தவை. தயாரித்த நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஆள் ஏறி இயக்குவதற்கென்றே உருவான ரோபோவில் ஆளுக்கு இடமில்லை.

விண்கல வடிவில் குறையே காண முடியாது. கண்ணாடி மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால், விரல்நுனி அளவேயுள்ள விமானி இருக்கையில் கச்சிதமாகப் பொருந்துகிறார். அவர் முதுகிலுள்ள பள்ளம் இருக்கையின் சிறு முளையில் அமர்ந்துவிட்டால், கலத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழுவதில்லை. ஆனால், ரோபோவின் தலை மேலெழும் வழி அந்த இருக்கையின் ஊடாகவே செல்வதால், உருமாற்றுவதற்கு முன் விமானியை வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்காமல் திருப்பினால் தலை பாதியில் சிக்கிக்கொள்ளும். அழுத்தினால் விமானியின் கை வளைந்துவிடும். முடிவில் ரோபோ கம்பீரமாக நிற்கிறது, மார்பில் கண்ணாடி மூடி மின்னுகிறது, உள்ளே ஒருவரும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த எரிச்சல் எனக்குத் தணியவில்லை.

இது சிறிய குறை அன்று. இவ்வகைப் பொம்மைகளின் மரபே விமானியிடமிருந்துதான் தொடங்குகிறது. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையில் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது; அவை மனிதர் இயக்கும் இயந்திரங்கள். பாதத்தில் காந்தம் பதித்த குட்டி ஓட்டுநர்கள் அவற்றோடு வந்தனர். 1984-இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் அவற்றில் பலவற்றை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றபோது, ரோபோக்களே உயிருள்ள பாத்திரங்களாகிவிட்டதால் ஓட்டுநர்கள் நீக்கப்பட்டனர். ஆனால் பொம்மைகளை வார்க்கும் அச்சுகள் பழையவை. ஆகவே லாரியாக மாறும் நாயக ரோபோவான ஆப்டிமஸ் பிரைமின் பின்வண்டிக்குள் (டிரெய்லர்) உள்ள தளத்தில் ஓட்டுநர் அமரும் இடம் அப்படியே தங்கிவிட்டது. பின்னர் 2006-இல் அதே நிறுவனம் ஸ்டார் வார்ஸ் விண்வெளித் திரைப்படங்களின் கலங்களை உருமாறும் ரோபோக்களாக்கியபோது, குட்டி விமானி மீண்டும் பெட்டிக்குள் வந்தார். அப்படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் எக்ஸ்-விங் போர்க்கலம் அவருடைய சாயலிலேயே எழுந்து நிற்கும். அதன் விமானியும் அவரே. ஒரு கதையின் கலத்தையும் இன்னொரு கதையின் உருமாற்றத்தையும் ஒட்டவைக்கும் பசை அந்த விமானிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றபடி, உழைப்பில் இந்தப் பொம்மை என்னை வியக்க வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். பொம்மையின் ஸ்டிக்கர்களின் ஓரத்தில் பூஞ்சை படியும். போன மழைக்காலத்தில் முழங்கால் மூட்டின் இரும்பு ஊசி துருவேறி, கால் மடங்க மறுத்தது. கடைவீதியில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஊசியை மெல்லத் தட்டி வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, சிலிகோன் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் திரும்பப் பொருத்தினார். சில பிளாஸ்டிக்குகளில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் விரிசல் விடும் என்பதால், தையல் இயந்திர எண்ணெயை நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது முழங்கால் புதிதுபோல் மடங்குகிறது. தோள்மூட்டு இன்றும் ஒவ்வொரு படியிலும் தெளிவான ‘க்ளிக்’ ஒலியுடன் நிற்கிறது. உறைபனிக் காலைகளில் மட்டும் வளையும் பாகங்கள் விறைத்திருக்கும். வெயில் ஏறிய பின் தொடுவது நல்லது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், நண்பரே, வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். விலை பாதிக்குப் பாதியானாலும் வேண்டாம். இவ்வளவு நுட்பமான மூட்டுகளைச் செய்யத் தெரிந்தவர்கள், தலை வரும் வழியைச் சற்று விலக்கி அமைத்திருக்க முடியாதா? அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, 2006 வரிசையில் ஒன்று பழைய பொருளாகக் கிடைத்தால் வாங்குங்கள். விற்பவரிடம் பெட்டியைப் பற்றியோ கீறல்களைப் பற்றியோ விசாரிக்கும் முன், விமானி உடன் இருக்கிறாரா என்று கேளுங்கள். முதலில் தொலைவது அவர்தான்.