பழைய டீசல் காருக்கு மாற்று இன்ஜின்: ஏற்றி ஓட்டியபின் எழுதுவது

பதினைந்து வயதைத் தாண்டிய டீசல் கார். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, பாடியில் துரு இல்லை, ஏசி வேலை செய்கிறது. இன்ஜின் மட்டும் போய்விட்டது. வண்டியைத் தள்ளிவிட மனம் வராமல் வேறு இன்ஜின் ஏற்றிச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏற்றிய வாரத்திலேயே எழுதியிருந்தால் "சூப்பர், புது வண்டி மாதிரி இருக்கு" என்று முடித்திருப்பேன். ஏற்றிய வாரத்தில் எல்லா இன்ஜினும் அப்படித்தான் இருக்கும்.

முதலில், பழைய இன்ஜின் எதனால் போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் அடுத்ததைத் தேடவே கிளம்பாதீர்கள். என் வண்டியில் கீழிருந்து 'டக் டக்' சத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும். ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். மினுமினுவென்று தூள். காந்தத்தைக் காட்டினால் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் செயின், கேம்ஷாஃப்ட் மாதிரி எஃகுச் சாமான் தேய்கிறது என்று சந்தேகப்படலாம். ஒட்டாத மினுக்கு பெரும்பாலும் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் இருந்து வருவது. இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியதும் மிச்சமும் தெரிந்தது: ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் தார் மாதிரி கசடு பாதியை அடைத்திருந்தது. எனக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஆயில் மாற்றிய லட்சணம் அப்படி.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் தூள் இன்ஜினோடு போய்விடுவதில்லை. ஆயில் கூலருக்குள்ளும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயிலும் தங்கிவிடும். அவற்றை அப்படியே எடுத்து மாற்று இன்ஜினில் மாட்டினால் அதன் பேரிங்கும் அதே வழியில் போகும். ஆயில் கூலரை எதை ஊற்றிக் கழுவினாலும் உள்ளே சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க வழியில்லை, புதிதாகப் போடுவதுதான் சரி. டர்போ சீல் போன வண்டியென்றால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஆயில் தேங்கி நிற்கும். முதல் ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் அந்த ஆயிலை இழுத்து எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் உச்ச வேகத்துக்கு ஓடக்கூடும். காற்று வரும் வழியை அடைத்தால்தான் நிற்கும். 'டீசல் ரன்அவே' என்பார்கள், பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாத காட்சி.

பழைய இன்ஜினையே வேலை பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம்தான். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழுந்திருந்தால் கிரைண்டிங் மெஷினில் அரைத்து, மெலிந்த தண்டுக்கு ஏற்ற 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடுவது பழைய வழக்கம். ஆனால் எல்லா கிராங்கும் அரைக்கத் தோதானவை அல்ல. எனக்குக் கிராங்கோடு, பிஸ்டனை அதோடு இணைக்கும் ஒரு கனெக்டிங் ராடும் சேர்ந்து போயிருந்தது. பட்டறை அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு மேல இதுல காசைக் கொட்டாத" என்று சொல்லிவிட்டார்.

இனி தேடல். மாடல் பெயரையும் சிசியையும் சொல்லி இன்ஜின் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார். கேட்க வேண்டியது பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உடல்பகுதியில், பொறித்திருக்கும் இன்ஜின் குறியீடு. உதாரணத்துக்கு 2003-ல் வந்த ஃபியட் 1.3 மல்டிஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1248 சிசி. ஃபியட், ஓப்பல், சுசுகி, டாடா என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியது. 75 குதிரைத்திறனிலும் உண்டு, 90-லும் உண்டு. டர்போவே வேறு வேறு. பிளாக் ஒரே ஜாடையாக இருக்கும், ஆனால் சம்ப், மவுண்டிங், சென்சார், வயரிங் என்று வண்டிக்கு வண்டி மாறும். "எல்லாம் ஒண்ணுதான் சார், அப்படியே உட்காரும்" என்ற வசனம் வந்தால் உஷாராகிவிடுங்கள். கிராங்க் சென்சார் படிக்கும் பல்சக்கரம் வேறு வகையாக இருந்தால், எல்லா போல்ட்டும் அழகாக உட்கார்ந்த பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கம்ப்யூட்டர் இல்லாமல் மெக்கானிக்கல் பம்ப்பே டீசலை அளந்து தள்ளிய காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. பம்ப்பை நிறுத்தும் சோலனாய்டுக்கு ஒரு 12 வோல்ட் வயர், டீசல் வரப் போக இரண்டு குழாய், பல வண்டிகளில் அத்தோடு வேலை முடிந்தது. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகக் காமன் ரெயில் (ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலை வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும்போது தெளிக்கும் முறை) கார்களுக்கு வந்த பிறகு இன்ஜினும் கம்ப்யூட்டரும் ஜோடியாகிவிட்டன. அதனால் நான் என் வண்டியின் இசியு (அந்தக் கம்ப்யூட்டர்), வயரிங், சென்சார்களை அப்படியே வைத்துக்கொண்டு லாங் பிளாக் மட்டும், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டோடு கூடிய பிளாக், எடுத்தேன். சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசரால் தகராறு வரவில்லை. சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரும் பழையதே. பல வகை இன்ஜெக்டர்களின் தலையில் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு இருக்கும். எந்த சிலிண்டரில் எது உட்கார்ந்திருக்கிறது என்று இசியுவில் எழுத வேண்டும். கழற்றும்போதே நம்பர் போட்டு வைத்தால் திரும்ப எழுதும் வேலை மிச்சம். அடியில் இருக்கும் செம்பு வாஷரை மட்டும் புதிதாகப் போடாமல் விடாதீர்கள்.

விபத்து வண்டியில் இருந்து எடுப்பதாக இருந்தால் பின்னால் அடி வாங்கிய வண்டியைத் தேடுங்கள். முன்னால் அடி பட்டதில் ரேடியேட்டர் உடைந்து, தண்ணீர் இல்லாமலே கொஞ்ச நேரம் ஓடியிருக்கலாம். கிராங்க் புல்லியும் அடி வாங்கியிருக்கலாம். வண்டிக்குள் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிக் கேட்க முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயிலேயே தளர்வாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. டீசலுக்கான கேஜ் வைத்து, குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் துளை வழியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கலாம். பல இன்ஜின்களில் 25 முதல் 30 பார் வரை வரும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் தொடமாட்டேன்.

எனக்குக் கிடைத்தது தரையில் கிடந்த இன்ஜின். கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றினோம். நான்கு சிலிண்டர் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இறுக வேண்டும், அந்த இறுக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறகு சம்ப்பைத் திறந்து ஒரே ஒரு ராடின் மூடியைக் கழற்றிப் பேரிங் ஷெல்லைப் பார்த்தோம். சீரான மங்கிய சாம்பல் நிறம், விரல் நகத்துக்குக் கோடு எதுவும் தட்டுப்படவில்லை. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். விற்பவர் இதற்குச் சம்மதிக்க முதலில் முகம் சுளித்தார். சம்மதிக்காதவர்களிடம் வாங்காமல் வந்ததும் உண்டு. ஓர் இடத்தில் பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள், இன்ஜின் எண் இருக்கும் இடத்தை மட்டும் கிரைண்டர் வைத்து மழித்திருந்தார்கள். விலையே கேட்கவில்லை. பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண் இருக்கும் ஊரில் மாற்று இன்ஜினுக்கு எண்ணும் வேண்டும், பில்லும் வேண்டும். ஓடோமீட்டர் கணக்கை மட்டும் நான் காதிலேயே வாங்கிக்கொள்வதில்லை. தரையில் கிடக்கும் இன்ஜினுக்கு ஏது மீட்டர்!

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் செயின், வாட்டர் பம்ப், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச், மவுண்டிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டோம். ஹெட்டைக் கழற்றவில்லை. கழற்றுவதாக இருந்தால், டீசலில் பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் வாங்க வேண்டும். கேஸ்கெட்டின் ஓரத்தில் எத்தனை துளை அல்லது வெட்டு என்பதை வைத்துத் தடிமனை அடையாளம் காணலாம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தோம். அதன்பிறகுதான் கனெக்டர்களை மாட்டி ஸ்டார்ட் செய்தது.

ஓட்டிப் பார்த்த கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஆயில் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. நாள்பட்டுக் கிடந்த இன்ஜின், ரிங் ஒட்டியிருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்றார் அண்ணன். ஆயிலைச் சீக்கிரமே ஒருமுறை மாற்றி, நெடுஞ்சாலையில் நன்றாகச் சுமை கொடுத்து ஓட்டினேன். இப்போது ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை ஆயில் சேர்க்க வேண்டியதில்லை. காலை ஸ்டார்ட் முன்பைவிட நன்றாக இருக்கிறது. மைலேஜ் அதேதான், கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தொல்லை கொடுத்தது ஐடில் நடுக்கம். புது மவுண்டிங் போட்டும் ஸ்டீயரிங்கில் தெரிந்தது. சிலர் இன்ஜினே சரியில்லை என்றார்கள். ஸ்கேனரில் சிலிண்டர்வாரியாக இன்ஜெக்டர் திருத்த அளவை (இசியு ஒவ்வொன்றுக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பார்த்தபோது மூன்று சிலிண்டர்களின் அளவு பூஜ்யத்தை ஒட்டியிருந்தது, ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றது. இரண்டு இன்ஜெக்டரை இடம் மாற்றிப் போட்டு, குறியீட்டையும் மாற்றி எழுதிப் பார்த்தோம். கோளாறு இன்ஜெக்டரோடு கூடவே நகர்ந்தது. அந்த ஒன்றை மாற்றியதும் நடுக்கம் போய்விட்டது.

இப்போதும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரை அறுத்துப் பார்க்கிறோம். இதுவரை சுத்தம். வால்வ் கவர் ஓரத்தில் மட்டும் லேசான கசிவு தொடங்கியிருக்கிறது. அடுத்த சர்வீஸில் அந்த கேஸ்கெட்டை மாற்ற வேண்டும்.