சென்சேஷன் பெர்செப்ஷன் பேப்பர்: படிச்சு ஆறு வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

தங்கச்சியோட ஃப்ரெண்டு ஒருத்தி பி.எஸ்சி சைக்காலஜி சேர்ந்திருக்கா, "அக்கா, அந்த சென்சேஷன் பெர்செப்ஷன் பேப்பர் கஷ்டமா?"ன்னு கேட்டா, ஒரு வரில பதில் சொல்ல வரல, அதனால எழுதியே வச்சிடுறேன்.

பி.எட் படிச்சவங்களுக்கு புலனுணர்வு, புலன்காட்சின்னா டக்குனு புரியும். கண்ணு, காது, தோலு எல்லாம் கொண்டு வந்து கொட்டுறது சென்சேஷன், மூளை அதுக்கு ஒரு அர்த்தம் கட்டுறது பெர்செப்ஷன். அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கலாம்னு ஆசையா வந்து சேர்ந்தா முதல் மாசமே கண்ணோட குறுக்குவெட்டுப் படம் வரைய சொல்வாங்க, காதுக்குள்ள இருக்குற காக்ளியாவ நத்தை மாதிரி சுருட்டி சுருட்டி வரையணும். ப்ளஸ் டூல பயாலஜி எடுத்தவங்க தப்பிச்சாங்க, நான் காமர்ஸ், செத்தேன். தியரி பத்தி அவ்வளவுதான், மனப்பாடம் பண்ணா பாஸ்.

விஷயமே பிராக்டிகல்லதான் இருக்கு. முதல் எக்ஸ்பெரிமெண்ட் டூ-பாயிண்ட் த்ரெஷோல்ட், அதாவது தோல்ல ரெண்டு முனை வச்சா எவ்வளவு தள்ளி இருந்தா ரெண்டுன்னு தெரியும்ங்கிறது. லேப்ல அத அளக்குற ஈஸ்தீசியோமீட்டர்ங்கிற கருவி ஒண்ணுதான், அதுக்கும் பெரிய க்யூ, நாங்க ஹாஸ்டல்ல காம்பஸ் பாக்ஸ் டிவைடர வச்சே செஞ்சு பார்த்தோம் (முனைய தேய்ச்சு மொக்கையாக்கிட்டு செய்ங்க, நாங்க அத பண்ணாம ஒருத்தி கத்துன கத்துல வார்டன் வந்துட்டாங்க). விரல் நுனில ரெண்டு முனைக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் இருந்தாலே ஒரு பொண்ணு "ரெண்டு"ன்னு சரியா சொல்லிடுறா. அதே பொண்ணு முதுகுல 3 சென்டிமீட்டர் தள்ளி வச்சு ரெண்டு முனையையும் ஒண்ணா அழுத்துறேன், "ஒண்ணு"ங்குறா. திரும்ப வச்சேன், "ஒண்ணுதான்டி, சும்மா ஏமாத்தாத"ன்னு சண்டைக்கு வந்தா. விரலுக்கு மூளைல கொடுத்திருக்கிற இடம் பெருசு, முதுகுக்கு சின்னதுன்னு புக்ல படிச்சிருந்தோம்தான், ஆனா அந்த சண்டைலதான் அது மண்டைல ஏறுச்சு.

அடுத்து முல்லர்-லையர், 1889ல வந்த பழைய இல்யூஷன் (கண்ண ஏமாத்துற படம்), ஒரு கோட்டு நுனில அம்பு உள்பக்கமா மடங்கியிருக்கும் இன்னொண்ணுல வெளிய விரிஞ்சிருக்கும், விரிஞ்சது நீளமா தெரியும். மடங்குன 18 சென்டிமீட்டர் (180 மில்லிமீட்டர்) கோட்டுக்கு சமமா தெரியுற இடத்துல விரிஞ்ச கோட்டு ஸ்லைடர இழுத்து நிறுத்தணும், பின்னாடி ஸ்கேல்ல ரீடிங். நான் முதல்ல நிறுத்துனது 146 மில்லிமீட்டர்ல, பத்தாவது தடவ 152, இருபதாவது தடவ 159. அதாவது போகப் போக ஏமாறுறது குறையுது. ரெக்கார்ட பார்த்த மேடம், "என்னம்மா ரீடிங் இப்படி ஏறிக்கிட்டே போகுது, எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், சரி பண்ணி எழுதிட்டு வா"ன்னாங்க. நானும் சமத்தா ரப்பர் எடுத்து அழிச்சு எல்லாத்தையும் 150க்கு அக்கம்பக்கமா எழுதி கையெழுத்து வாங்கிட்டேன். வகுப்புல முக்கால்வாசி பேரு அப்படித்தான், சில பேரு ஸ்லைடர தொடவே இல்ல. அப்புறம் ஃபைனல் இயர்ல ஏதோ தேடும்போது கண்ணுல படுது, திரும்பத் திரும்ப செஞ்சா இந்த இல்யூஷன் குறைஞ்சுக்கிட்டே வரும்னு ஜட்னு ஒருத்தர் 1902லயே எழுதி வச்சிருக்காரு. நான் ரப்பரால அழிச்சதுதான் ரிசல்ட்டே! வயிறு எரிஞ்சுச்சு.

அதுலயும் கொடும என்னன்னா இந்த சப்ஜெக்ட் பொறந்ததே ரீடிங் ஒத்துப்போகாததாலதான். கிரீன்விச் வானாய்வகத்துல மஸ்கலின் தலைமைல கின்னிபுரூக்னு ஒரு அசிஸ்டண்ட், நட்சத்திரம் தொலைநோக்கில இருக்குற கம்பிய கடக்குற நேரத்த இவரு குறிச்சா மஸ்கலின் குறிச்சதவிட 0.8 செகண்டு லேட்டா வருது, 1796ல ஆளையே வேலைய விட்டு தூக்கிட்டாங்க. பல வருஷம் கழிச்சு பெஸ்ஸல்னு ஜெர்மன்காரர் பல வானியலாளர்கள ஒப்பிட்டுப் பார்த்தா எவனும் எவன்கூடவும் ஒத்துப்போகல, ஆளுக்கு ஆளு வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது. புலனுணர்வ அளக்க 1860ல ஃபெக்னர்னு ஒருத்தர் எழுதுன மெத்தட் எல்லாமே ரீடிங் இப்படி மாறுறத எப்படி கணக்குல எடுக்குறதுன்னுதான், நாம அத கத்துக்கிட்டே அந்த மாற்றத்த அழிக்கிறோம்.

எங்க நோட்ஸ்ல இன்னொரு கூத்து, நாக்கு மேப். நுனில இனிப்பு, பின்னாடி கசப்புன்னு. சக்கரைய நாக்கு பின்னாடி வச்சுப் பாருங்க, இனிக்கும். தப்புன்னு எப்பவோ தெரிஞ்ச சமாச்சாரம், ஆனா வைவால எக்ஸ்டர்னல் கேட்டா மேப்பதான் சொல்லணும்னு சீனியர் சொல்லி அனுப்புனாங்க, நானும் சொன்னேன், மார்க் வந்துச்சு.

ஆனா இந்த பேப்பர்ல ஒரே ஒரு டாபிக்குக்காக மொத்த ஃபீஸும் தகும்னு நான் சொல்றது பிராஜெக்ட் பிரகாஷ். 1688ல மொலினோன்னு ஒருத்தர் ஜான் லாக்ங்கிற தத்துவவாதிக்கு எழுதுன கேள்வி: பிறவிலயே பார்வை இல்லாம, உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே தெரிஞ்சவருக்கு திடீர்னு பார்வை வந்தா, தொடாம பார்த்தே எது எதுன்னு சொல்வாரா? முன்னூறு வருஷமா பெரிய பெரிய ஆளுங்க வாதாடிட்டே இருந்தாங்க. அமெரிக்காவோட எம்.ஐ.டி.யில இருக்குற பவன் சின்ஹா குழு பிராஜெக்ட் பிரகாஷ்ங்கிற பேர்ல இந்தியாவுல, வடநாட்டு கிராமங்கள்ல பிறவிலயே பார்வை இல்லாம (பெரும்பாலும் கண்புரையால) இருந்த பிள்ளைங்களுக்கு ஆபரேஷன் பண்ண ஏற்பாடு செஞ்சு, கட்டு பிரிச்ச கையோட கட்டைங்கள வச்சு டெஸ்ட் பண்ணாங்க. பார்த்தத பார்த்தே கண்டுபிடிச்சாங்க, தொட்டத தொட்டே கண்டுபிடிச்சாங்க, தொட்டதையே கண்ணால காட்டுனா குத்துமதிப்பாதான் சொன்னாங்க. ஆனா சில நாள்லயே பிடிச்சுக்கிட்டாங்க. 2011ல வெளிவந்துச்சு. அஞ்சே பிள்ளைங்கதான், அதுக்கே எனக்கு அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல.

சரி, ஆறு வருஷத்துல என்ன மிஞ்சுச்சு? ஜவுளிக்கடைல மேட்சிங் பிளவுஸ் பிட்ட வாசலுக்கு எடுத்துட்டுப் போயி வெயில்ல பார்க்கிற அம்மாவ முன்னாடி கிண்டல் பண்ணுவேன், இப்ப நானே போறேன். ட்யூப்லைட்ல ஒரே கலரா தெரியுற ரெண்டு துணி வெளிய வந்தா வேற வேறயா நிக்கும், அதுக்கு மெட்டாமெரிசம்னு பேரு, அம்மாவுக்கு பேரு தெரியாது அவ்வளவுதான். கரண்ட் போனா மொபைல் டார்ச்ச உடனே போடாம இருந்து பார்ப்பேன், கண்ணுக்குள்ள முதல்ல கூம்பு செல் இருட்டுக்குப் பழகும், பத்து நிமிஷத்துக்கு மேல மங்கல் வெளிச்சத்துக்கான குச்சி செல் கை கொடுக்கும், அரை மணி நேரத்துல பீரோ ஓரமெல்லாம் தெரியும். இப்ப ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன், வகுப்புல ஒரு பையன் ஃபேன் போட்டாலே காத பொத்திக்குவான், நமக்கு ரெண்டு நிமிஷத்துல மறந்துபோற சத்தம் அவனுக்கு மறக்கவே மாட்டேங்குது. அவன "அடம்"னு சொல்லாம இருக்கவாவது இந்த பேப்பர் உதவுச்சு.

அதனால எடுக்கலாம், தாராளமா. ரீடிங்க மட்டும் பேனால எழுது பாப்பா. போன வாரம் அட்டைல நானே ஒரு ஸ்லைடர் வெட்டி அம்மாவுக்கு இருபது தடவ வச்சேன், 148ல ஆரம்பிச்சு 163 வரைக்கும் ஏறுச்சு. சந்தோஷத்துல குதிச்சேன். அம்மா கண்ணாடிய கழட்டி தொடச்சுக்கிட்டே, "இந்த ரெண்டு கோட்ட அளக்குறதுக்கா மூணு வருஷம் ஃபீஸ் கட்டுனோம்"ன்னாங்க.