பேராதனையா கொழும்பா, நம்ம புள்ளைங்க எத மேல போடணும்?

ஏஎல் பரீட்சையோட இசட் ஸ்கோர் (கெம்பஸ் தெரிவுக்குப் பாக்குற புள்ளி) வந்தா போதும், அட்டன், தலவாக்கலை, பதுளைன்னு எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுத்தான், பல்கலைக்கழக விண்ணப்பத்துல யூனிகோட் (ஒவ்வொரு படிப்புக்கும் உள்ள இலக்கம்) போடுறப்போ பேராதனைய மேல போடுறதா கொழும்ப மேல போடுறதான்னு. நெறைய பேர் பக்கத்து லயத்து (தோட்டத்து லைன் வீட்டு) அண்ணன் எங்க போனாரோ அதயே போட்டுடுறாங்க. நீங்க போடுற வரிசையிலதான் தெரிவு நடக்குது, மேல உள்ளது கெடச்சிட்டா கீழ உள்ளதுக்குப் பேச்சே இல்ல, அதனால ஆற அமர யோசிச்சுப் போடுங்க.

இன்ஜினியரிங், மிருக வைத்தியம், பல் வைத்தியம்னா கேள்வியே இல்ல, கொழும்பு பல்கலையில அதெல்லாம் கெடையாது, பேராதனைதான். சட்டத்துக்கு ரெண்டு எடத்துலயும் வழி இருக்கு, ஆனா கொழும்புல அதுக்குன்னே தனி பீடம் இருக்கு, கோர்ட்டும் பக்கத்துல, தயங்காம கொழும்ப மேல போடுங்க. கொழப்பமெல்லாம் ஆர்ட்ஸ், சயன்ஸ், மெனேஜ்மன்ட் மாதிரி ரெண்டுலயும் இருக்குறதுக்குத்தான்.

இந்த வாக்குவாதம் புதுசும் இல்ல. பல்கலைக்கழகத்த கொழும்புல கட்டுறதா கண்டிப் பக்கம் கட்டுறதான்னு வெள்ளக்காரன் காலத்துலயே வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. 1942ல கொழும்புலதான் தொடங்குச்சு, 1952லதான் பேராதனைக்கு வந்துச்சு, மொத துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் மாணவர் எல்லாரும் உள்ளயே தங்கிப் படிக்கணும்னு நெனச்சு கட்டினது அது. அதனாலதான் அருணாசலம் ஹோல், ராமநாதன் ஹோல்னு ஹந்தான மலை அடிவாரம் பூரா விடுதியா இருக்கு.

நம்ம புள்ளைங்களுக்கு இந்த விடுதிதான் பெரிய விஷயம்னு நான் நெனக்கிறேன். லயத்துக் காம்பராவுல தம்பி தங்கச்சி தூங்கினதுக்குப் பொறகு இஸ்தோப்புல (திண்ணையில) ஒக்காந்து ஏஎல் படிச்ச புள்ளைக்கு, தனக்குன்னு ஒரு மேச, ஒரு லைட்டு, நடந்து போற தூரத்துல லைப்ரரி, இது மூணும் வாழ்க்கையில மொத தடவ கெடைக்கிறது அங்கதான். தங்குற செலவும் கம்மி. கலஹாவுக்குப் போற பஸ் கெம்பஸுக்குள்ளாலதான் போகும், கொழுந்துச் சாக்கு ஏத்தி எறக்குற ஊருக்குப் போற ரோட்டுலதான் நீங்க லெக்சருக்கு நடக்குறீங்க. வெள்ளிக்கெழம குறிஞ்சிக்குமரன் கோயில்ல கும்பிட்டுட்டு வரலாம். சிங்களப் புள்ளைங்களோட ஒரே ரூம்ல இருந்தா சிங்களம் தானா வந்துரும், நாளைக்கு கவர்மென்ட் வேலைக்குப் போனா அதோட அருமை தெரியும். அட்டனுக்கு ரெண்டு, ரெண்டரை மணித்தியாலந்தான், வீட்டுல ஒன்னுன்னா ஓடி வந்துரலாம்.

ஆனா ராகிங்க பத்தி சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். 1997ல பேராதனையில ஒரு தமிழ் இன்ஜினியரிங் மாணவன் ராகிங்காலதான் செத்தாரு, அடுத்த வருஷமே அதுக்கு எதிரா சட்டம் வந்துச்சு, சட்டம் வந்தும் முழுசா நிக்கல. உள்ளயே தங்குற எடத்துல ராத்திரியும் சீனியர்ங்க கைக்குள்ளதான் இருக்கணும், ஏதும் நடந்தா வெக்கப்படாம வீட்டுல சொல்லுங்க, எழுத்துல முறைப்பாடு குடுங்க, தோட்டத்துப் புள்ளைன்னா கேக்க ஆள் இல்லன்னு யாரும் நெனக்க விடாதீங்க.

கொழும்புலயும் ஹொஸ்டல் இருக்கு, ஆனா எல்லா வருஷமும் கெடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ போர்டிங் எடுத்தா அட்வான்ஸு, வாடக, பஸ்ஸு, ரெண்டு வேள சோத்துப் பார்சல்னு போயிட்டே இருக்கும், 2025ல மஹாபொல புலமைப்பரிசில 7500 ரூபாவா கூட்டினாங்க, கொழும்புல அது வாடகைக்கே பத்தாது. புறக்கோட்டையில கடையில நிக்கிற மாமா ரூம்ல தங்கிக்கலாம்னு சில வீட்டுல சொல்வாங்க, பாவம் அவரே நாலு பேரோட ஒரு ரூம்ல பாய் போட்டுத்தான் படுக்குறாரு, அங்க எங்க புத்தகத்த விரிக்கிறது?

அதுக்காக கொழும்பு வேணாம்னு சொல்ல வரல. மெனேஜ்மன்ட் படிச்சுக்கிட்டே சார்ட்டர்டோ சீமாவோ (கணக்காளர் பரீட்சைங்க) செய்யப் போறீங்கன்னா கொழும்புதான், கிளாஸ், ட்ரெய்னிங் குடுக்குற கம்பனி, இன்டர்வியூ எல்லாம் ஒரே ஊர்ல. சாயந்தரம் ரெண்டு வீட்டுல டியூசன் குடுத்து செலவப் பாத்துக்குறவங்க இருக்காங்க, கம்பியூட்டர் படிக்கிறவங்களுக்கும் படிக்கிறப்பவே வேல தேடுறது லேசு. ஒன்னே ஒன்னு, வெள்ளவத்தையிலயே நாலு வருஷம் தமிழ்லயே பேசித் திரிஞ்சுட்டு வந்துறாதீங்க, இங்கிலீசும் சிங்களமும் பழகாட்டி அங்க போனதுல பாதிப் பிரயோசனம் போச்சு.

என் கணக்குல ஆர்ட்ஸும் சயன்ஸும்னா பேராதனை மேல, வேலையோட ஒட்டின படிப்புன்னா கொழும்பு மேல. தமிழ்ல சிறப்புப் பட்டம் செய்ய ஆசன்னா யோசிக்கவே வேணாம், பேராசிரியர் கணபதிப்பிள்ளை, வித்தியானந்தன், தில்லைநாதன், நுஃமான்னு பெரிய பெரிய ஆளுங்க படிப்பிச்ச தமிழ்த்துறை பேராதனையில இருக்கு.

எங்க கெடச்சாலும் பதியுறப்பவே ஹொஸ்டலுக்கும் போட்டுருங்க, வருமானத்துக்கு கிராம சேவகர் (ஜீ.எஸ்.) கிட்ட எழுத்து வாங்க வேண்டி வரும், தோட்டத்து அலுவலகத்துக்கும் ஜீ.எஸ். ஆபீசுக்கும் அலைய நாள் பிடிக்கும், கடைசி நாள் வரைக்கும் வெச்சுக்காதீங்க.