தம்பி எழுதின ரெண்டு பர்சனாலிட்டி டெஸ்ட்: 3500 ரூபா குடுத்தது ஒண்ணு, ஃப்ரீயா ஒண்ணு

என் தம்பி பி.காம் முடிச்சுட்டு அடுத்து என்னன்னு தெரியாம இருந்தான், யாரோ சொன்னாங்கன்னு அப்பா அவனை ஒரு கேரியர் கவுன்சலிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனாரு, பேரு வேண்டாம், ஃபீஸ் 3500. முக்கால் மணி நேரம் கம்ப்யூட்டர்ல கேள்வி, அப்புறம் கலர் பிரிண்ட்ல ரிப்போர்ட், முதல் பக்கத்துலயே ஐ.எஸ்.டி.ஜே-ன்னு நாலு எழுத்து. "பையன் இன்ட்ரோவர்ட், சேல்ஸ் பக்கமே அனுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அன்னையில இருந்து இவன் யாரு என்ன வேலை சொன்னாலும் "நான் இன்ட்ரோவர்ட்"னு ஆரம்பிச்சுட்டான்.

எனக்கு மனசே ஆறல. தினம் சாயங்காலம் எங்க ஹார்டுவேர் கடையில நிக்கிறதே அவன்தான். பிளம்பர் வந்து முக்கால் இன்ச் எல்போ (பைப்பை வளைச்சு இணைக்கிற துண்டு) கேட்டா உடனே எடுத்து நீட்ட மாட்டான், "சுடுதண்ணி லைனாண்ணே?"ன்னு கேட்டுட்டு சுடுதண்ணி தாங்குற சி.பி.வி.சி பிளாஸ்டிக்ல எடுத்துக் குடுப்பான். அதிகம் பேச மாட்டான், ஆனா வந்தவங்க அடுத்த தடவை "தம்பி இல்லையா?"ன்னுதான் கேப்பாங்க.

இந்த நாலு எழுத்து முறைக்கு எம்.பி.டி.ஐ-ன்னு பேரு, உளவியலாளர் கார்ல் யுங் 1921ல சொன்ன மனவகைகளை வெச்சு கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ்னு அமெரிக்காவுல ஒரு அம்மாவும் மகளும் உருவாக்கினது. இதுல நடுவுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஐ (இன்ட்ரோவர்ட், உள்முகம்), அந்தப் பக்கம் இ (எக்ஸ்ட்ரோவர்ட், வெளிமுகம்)-ன்னு பிரிச்சுடுறாங்க, ஆனா நிறைய பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலதான் இருப்பாங்க, அன்னிக்கு ரெண்டு பதில் மாறினாலே எழுத்தும் மாறிடும். ரெண்டு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு டெஸ்ட் எழுத வெச்சேன், இ வந்துச்சு!

அப்புறம்தான் ஐ.பி.ஐ.பி-நியோ 120-ங்கிற ஃப்ரீ பர்சனாலிட்டி டெஸ்ட்டை எழுத வெச்சேன், இந்த ரிவ்யூ எழுதுறதே அதுக்காகத்தான். லூயிஸ் கோல்ட்பெர்க்ங்கிற உளவியலாளர் யார் வேணாலும் இலவசமா எடுத்துக்கலாம்னு பொதுவுல வெச்ச கேள்விகள்ல இருந்து ஜான் ஜான்சன்ங்கிற இன்னொரு உளவியலாளர் தொகுத்தது. 120 வாக்கியம், ஒவ்வொண்ணும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்னு 1ல இருந்து 5 வரைக்கும் குறிக்கணும். அஞ்சு பெரிய குணம், ஒவ்வொண்ணுக்குள்ள ஆறு உட்பிரிவு, மொத்தம் 30. "நீ இந்த வகை"ன்னு முத்திரை குத்தாது, மத்தவங்களோட ஒப்பிட்டா நீ குறைவா, நடுவுலயா, அதிகமான்னு மட்டும் சொல்லும். தம்பிக்கு வெளிமுகத் தன்மை சரியா நடுவுல. உள்ளே போய்ப் பார்த்தா கூட்டத்துல இருக்குற ஆசை கம்மி, சுறுசுறுப்பு அதிகம். சாதிக்கணும்ங்கிற முனைப்பு எல்லாத்தையும் விட மேல. கடையில நான் பார்க்கிற பையன் இவன்தான்.

குறையும் இருக்கு. நாங்க எழுதினது இங்கிலீஷ்ல, சில வாக்கியத்தை நான்தான் தமிழ்ல சொல்ல வேண்டியிருந்துச்சு. லிபரல் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவீங்களா, கன்சர்வேடிவ் வேட்பாளருக்கான்னு வருது, அமெரிக்க அரசியலை மனசுல வெச்சு எழுதினது, நம்ம ஊருக்கு ஒட்டவே இல்ல, அந்த உட்பிரிவு மார்க்கை நாங்க கண்டுக்கவே இல்ல.

சென்டர் ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கம்தான் எனக்கு ரொம்பக் கோவம். மனுஷனோட தேவைகளைப் படிப்படியா அடுக்கிக் காட்டுற மாஸ்லோ பிரமிட் படத்தைப் போட்டு பக்கத்துல "மோட்டிவேஷன் 62%". உளவியலாளர் மாஸ்லோ அதைப் பத்தி 1943ல எழுதின கட்டுரையில பிரமிடே கிடையாது, அது பின்னாடி மத்தவங்க வரைஞ்சது. 62ன்னா எதுல 62, யாரோட ஒப்பிட்டுன்னு ஒரு வரி விளக்கம் இல்ல. ஊக்கம்ங்கிறது பிறவியிலேயே அளந்து வெச்சது இல்லங்க. டேவிட் மெக்கிளெலண்ட்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1964ல நம்ம பக்கத்து ஆந்திராவுல காக்கிநாடாவைச் சேர்ந்த சின்ன வியாபாரிகளுக்கு சாதனை ஊக்கத்தை வளர்க்க பயிற்சிக்கு ஏற்பாடு பண்ணினாரு, படத்தைக் காட்டி கதை எழுதச் சொல்லி அந்தக் கதையில சாதிக்கிற எண்ணம் எவ்வளவு வருதுன்னு பார்க்கிறதுதான் ஊக்கத்தை அளக்க அவர் முறை. கடைக்காரங்களுக்கே வளர்க்கலாம்னு ஒருத்தர் இறங்கி வேலை பார்த்திருக்காரு, இங்க 22 வயசுப் பையனுக்கு ஒரு பர்சென்டைக் குடுத்து அனுப்புறாங்க.

சென்டருக்கு என்னோட ரேட்டிங் 1, ஐ.பி.ஐ.பி-க்கு 4. எழுதுறவங்க அரை மணி நேரம் ஒதுக்கிட்டு உக்காருங்க, எப்படி இருக்க ஆசைன்னு குறிக்காம இப்ப எப்படி இருக்கீங்களோ அதைக் குறிங்க, முடிஞ்சா உங்களை நல்லா தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கோங்க, என் தம்பி ஒழுங்குபடுத்தி வைக்கப் பிடிக்கும்ங்கிற வாக்கியத்துக்கு 5 போட்டப்ப அம்மா வந்து 2ன்னு மாத்த வெச்சாங்க.