சூயஸா, பனாமாவா: கப்பல் பார்க்க எங்கே போகலாம்?

இரண்டு கால்வாய்க்கும் போய் வந்தவன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும்.

செலவு: சூயஸின் வடமுனையில், எகிப்தின் போர்ட் சயீதிலிருந்து எதிர்க்கரையிலுள்ள போர்ட் ஃபுவாதுக்குக் கால்வாயைக் கடக்கும் படகு இலவசம். பனாமாவில் கப்பல் பார்க்கும் இடமான மிராஃப்ளோரஸில் டிக்கெட் வாங்க வேண்டும்.

காட்சி: சந்தேகமே இல்லை, பனாமாதான். கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டியான மதகுக்குள் பெரிய சரக்குக் கப்பல் நுழைந்தால் சுவருக்கும் அதற்கும் இரண்டடிதான் இடைவெளி. தண்டவாளத்தில் ஊரும் எஞ்சின்கள் வடத்தால் இழுத்துப் பிடித்திருக்க, தண்ணீர் ஏற ஏறக் கப்பல் கண்ணெதிரே உயரும். சூயஸில் மதகே இல்லை, 193 கி.மீ. முழுக்கக் கடல் மட்டம்தான்.

அண்மைக்கால நிலை: 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அதே ஆண்டு பனாமாவில் வறட்சி. தினமும் விடும் கப்பல்களைக் குறைத்தார்கள். எனக்குப் பனாமாவை நினைத்துத்தான் அதிகக் கவலை. ஒவ்வொரு கப்பலுக்கும், மதகுகளை நிரப்பும் கட்டூன் ஏரியின் நன்னீர் கடலுக்குப் போகிறது. அங்கே மக்கள் பலருக்குக் குடிநீரும் அந்த ஏரியிலிருந்துதான்.

பிள்ளைகளோடு போனால், இயந்திரங்களில் ஆர்வம் இருந்தால் பனாமா. 1869-இல் கால்வாய் திறந்தது, 1956-இல் எகிப்து அதை நாட்டுடைமையாக்கியது என்று வரலாறு தேடுபவர்கள், கெய்ரோ வரை எப்படியும் போகிறவர்கள், சூயஸையே பாருங்கள்.