தம்பினில் வாங்கிய ‘கடல் மலர்’: கப்பல் நன்று, விவர அட்டை நன்றன்று

மலேசியாவின் தம்பின் நகரக் கடைத்தெருவில் நினைவுப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், சென்ற பள்ளி விடுமுறையின்போது, ஃப்ளோர் டி லா மார், அதாவது ‘கடல் மலர்’, என்ற போர்த்துகீசியக் கப்பலின் மர மாதிரியை 95 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகள், மலாக்கா கடல்சார் அருங்காட்சியகத்தில் இதே கப்பலின் பெரிய மாதிரிக்குள் ஏறி இறங்கிய நாளிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

மரவேலையில் குறை சொல்ல இடமில்லை. முழங்கை நீளமுள்ள உடல், மூன்று பாய்மரங்கள், அக்காலக் கப்பல்களில் இருந்தபடியே கடைசிப் பாய் மட்டும் முக்கோணமாக இருக்கிறது. கயிறுகள் தளரவில்லை. தாங்கு பலகைதான் சற்று ஆடுகிறது.

என்னை வருத்தியது உடன் வந்த தமிழ் விவர அட்டை. கப்பலில் 60 டன் தங்கம் இருந்தது என்றும், உடைந்த கப்பல் கண்டெடுக்கப்பட்டுவிட்டது என்றும் அது ஐயமின்றிச் சொல்கிறது. உறுதியாகத் தெரிந்தவை வேறு. 1502இல் லிஸ்பனில் கட்டப்பட்ட இக்கப்பல், 1511 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அஃபோன்சு டி அல்புகெர்க்கை ஏற்றிக்கொண்டு கோவாவுக்குத் திரும்பும் வழியில், அவ்வாண்டு இறுதியில் சுமத்ராவின் வடகிழக்குக் கரையோரம் புயலில் உடைந்தது. அல்புகெர்க் அவசரமாகக் கட்டிய தெப்பத்தில் ஏறித் தப்பினார், பலர் மூழ்கினர். புயலை மட்டும் குற்றம் சொல்லும் அட்டை, கப்பலின் நிலையைச் சொல்லாமல் விட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பே, மிளகுச் சுமையுடன் இந்தியாவிலிருந்து திரும்பும்போது நீர்க்கசிவால் மொசாம்பிக் பகுதியில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்து, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் போர்களுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கிழட்டுக் கப்பல் அது.

மலாக்காவிலிருந்து எடுத்த பெருஞ்செல்வம் அதில் இருந்தது என்பதைப் போர்த்துகீசிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அல்புகெர்க் தம் கல்லறைக்கென வைத்திருந்த வெண்கலச் சிங்கங்களும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் அவற்றுள் முக்கியமான நூல், அவருடைய மகன் தந்தையின் கடிதங்களைக் கொண்டு எழுதி 1557இல் வெளியிட்டது. டன் கணக்குத் தங்கமும் இன்றைய மதிப்பில் போடும் கோடிகளும் பிற்காலத்தார் ஏற்றிய சுமை. கப்பலைக் கண்டுபிடித்ததாக 1990களில் பேச்சு எழுந்தது; அது உறுதிப்படவேயில்லை.

உறுதியான இழப்பு ஒன்று அட்டையில் ஒரு வரியாகக்கூட இல்லை. ஜாவானிய மாலுமி ஒருவரின் பெரிய வரைபடம் கப்பலோடு போய்விட்டதாக, 1512 ஏப்ரலில் போர்த்துகீசிய அரசர் மனுவேலுக்கு அல்புகெர்க்கே எழுதியிருக்கிறார். நன்னம்பிக்கை முனை, பிரேசில், செங்கடல், கிராம்புத் தீவுகள், சீனர்களின் கடல்வழிகள் எல்லாம் அதில் இருந்தனவாம். அதன் ஒரு பகுதியின் நகலை மட்டுமே அவரால் அரசருக்கு அனுப்ப முடிந்தது. நம் கடற்பகுதியின் மாலுமிகள் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தத் தாள் சான்றாக இருந்திருக்கும். இதை மகளுக்குச் சொன்னபோது, தங்கத்தைவிட இதற்காகவே அவள் அதிகம் கலங்கினாள்.

கூடுதலாக 30 வெள்ளி கொடுத்தால், ‘மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த ஈயக்காசு’ என்று ஒன்றையும் தருகிறார்கள். அல்புகெர்க் மலாக்காவில் வெள்ளீயக் காசு அடித்தது உண்மைதான். ஆனால் கப்பலே உறுதியாகக் கண்டெடுக்கப்படாத நிலையில், அதிலிருந்து காசு எப்படி வந்திருக்கும்? அதை நான் வாங்கவில்லை. நீங்களும் வாங்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அட்டை சரக்கோடு வருவது என்றும், அடுத்த முறை வரும்போது கேட்டுப் பார்ப்பதாகவும் பொறுமையாகச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டுக் கப்பலுக்குக் கீழே மகள் எழுதிய அட்டை இருக்கிறது. அதில் முதல் வரியே அந்த வரைபடம்தான்.